இரவு ரோந்தில் ஒருவரை நிறுத்தும்போது காவலரின் அதிகாரம் எதுவரை?

புதுக்காக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பயிற்சிப் பள்ளியில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் பிரிவு பிரிவாகப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டு, இப்போது தமிழ்நாட்டின் ஒரு நகரக் காவல் நிலையத்தில் இரவு ரோந்து பார்த்து வருகிறேன். நகைக்கடை, வங்கி, கோயில் என்று பட்டா புத்தகம் தொங்கும் இடங்களில் கையெழுத்திட்டுக்கொண்டே போகும் வழியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஏ.டி.எம். வாசலில் ஒருவர் சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். பெயரைக் கேட்டால், "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார். உடன் வரும் ஏட்டு ஐயா, "வண்டியில் ஏற்று, ஸ்டேஷனில் வைத்து விசாரித்துக்கொள்ளலாம்" என்கிறார். இப்படி அழைத்து வரப்படுபவர்களைப் பெரும்பாலும் காலையில் அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

இவ்வாறு அழைத்துச் செல்வது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது? கைது என்றால் அதற்கென்று நடைமுறை உண்டு. கைது இல்லை என்றால் அவர் எங்களோடு ஏன் வர வேண்டும்? மூத்தவர்களும் வழக்கறிஞர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஓய்வு ஆய்வாளர் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி. நான் பணியில் சேர்ந்த காலத்தில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளை வைத்துக்கொண்டு "சந்தேக கேஸ்" என்ற பெயரில் இரவில் ஆள் பிடிப்பது வழக்கம். அப்போது அந்தப் பிரிவுகளுக்குள் வருபவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்ய நிலைய அதிகாரிக்கு 41(2) அதிகாரம் கொடுத்திருந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதி, 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அந்த அதிகாரம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்று 109-இன் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். 128-உம், 110-இன் இடத்தில் 129-உம் இருக்கின்றன. இரண்டுமே நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கைகள்தாமே தவிர, ரோந்துக் காவலர் ஒருவரை வண்டியில் ஏற்றுவதற்கான அனுமதிச் சீட்டுகள் அல்ல.

பெயர் சொல்ல மறுப்பவரைக் கைது செய்யலாம் என்று பலர் நினைப்பது பி.என்.எஸ்.எஸ். 39-ஆவது பிரிவை அரைகுறையாகப் படித்ததால் வருவது. வாரண்ட் இன்றிக் கைது செய்ய முடியாத வகைக் குற்றம் ஒன்றை உங்கள் கண்முன்னே ஒருவர் செய்திருக்க வேண்டும், அல்லது அதைச் செய்ததாக அவர் மீது குற்றச்சாட்டு இருக்க வேண்டும்; அதன் பிறகு அவர் பெயரும் முகவரியும் தர மறுத்தால், அல்லது தந்தது பொய் என்று நம்பக் காரணம் இருந்தால், அவற்றை உறுதி செய்துகொள்வதற்காக மட்டும் கைது செய்யலாம். உறுதியானதும் பிணைமுறி பெற்று விட்டுவிட வேண்டும். ஏ.டி.எம். வாசலில் நிற்பது குற்றமே இல்லை என்பதால் 39 அங்கே பேசவே பேசாது.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அவர் கையில் பூட்டு உடைக்கும் கம்பியும், அவருடையது என்று நம்ப முடியாத நான்கு கைப்பேசிகளும் இருந்தால், களவுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருளை வைத்திருப்பவரை வாரண்ட் இன்றிக் கைது செய்வது பற்றிய 35(1)-இன் உட்பிரிவு உதவிக்கு வரும். பிடியில் வாரண்ட் குற்றம் ஒன்றுக்கு அவர் திட்டமிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியவந்து, வேறு வழியில் அதைத் தடுக்க முடியாது என்று தோன்றினால் 170 இருக்கிறது. அதிலும் 24 மணி நேரம்தான். இவை எதுவும் இல்லையென்றால், பேச்சுக் கொடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு நகருங்கள். நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று தெரிந்ததாலேயே பாதிப் பேர் இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். ரோந்தின் பயனும் பாதி அதுதான்.

வழக்குரை எழுதியது:

ஆய்வாளர் ஐயா சொன்னதில் "பிடியில் வாரண்ட் குற்றம்" என்ற இடத்தில் சொல் தடம் மாறியிருக்கிறது; வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று படித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றபடி அவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடே. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களையும் பிணை மனுக்களையும் நடத்துபவள் என்ற முறையில் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

சட்டத்தில் ஒருவர் சுதந்திரமாக இருக்கிறார், அல்லது காவலில் இருக்கிறார். "விசாரணைக்கு அழைத்துச் சென்றோம்" என்ற நடுநிலை ஒன்று பி.என்.எஸ்.எஸ். முழுவதிலும் தேடினாலும் கிடைக்காது. ஒரு வழக்கில் சாட்சியாக ஒருவரை வரவழைக்க வேண்டுமானால், 179-ஆவது பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். அதிலும் பெண்கள், 15 வயதுக்குட்பட்டோர், 60 வயதுக்கு மேற்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபரை வரவழைக்க 35(3) அறிவிப்பு இருக்கிறது. அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது.

அரசமைப்பின் 22(2) பிரிவும் பி.என்.எஸ்.எஸ். 58-உம் சொல்லும் 24 மணி நேரம், கைதுக் குறிப்பாணையில் நிலைய எழுத்தரான ரைட்டர் எழுதும் நேரத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. அந்த மனிதர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நிலை எப்போது வந்ததோ அப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது. மும்பை உயர் நீதிமன்றம் 1990-இலேயே இதைச் சொல்லிவிட்டது. இரவு 1 மணிக்கு வண்டியில் ஏற்றிவிட்டு, அன்று மாலை 6 மணிக்குக் கைது செய்ததாகக் காகிதத்தில் எழுதினால், இடைப்பட்ட 17 மணி நேரத்துக்கு அந்த நிலையத்தில் யாரிடமும் விடை இருக்காது. முன்பெல்லாம் இதை நிரூபிப்பது கடினம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைத்து, பதிவுகளைக் கூடுமானால் 18 மாதமும் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு, குறிப்பாணையில் எழுதிய நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எங்களுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்தது, ஊரடங்கில் அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறிய விஷயத்திலிருந்து தொடங்கியது. தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணாமற்போன புகாருக்காக விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி இறந்தார். இரண்டு வழக்குகளும் சி.பி.ஐ.யிடம் சென்றன. காவலர் நண்பரே, உங்கள் ஏட்டு அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டில் இல்லாத மனிதர் ஒருவர் நிலையத்துக்குள் இருக்கும்போது அவருக்கு என்ன நேர்ந்தாலும் அதற்குப் பொறுப்பு அவரை வண்டியில் ஏற்றியவரிடமிருந்துதான் தொடங்கும் என்பதைச் சொல்கிறேன்.

ஓய்வு ஆய்வாளர் எழுதியது:

திருத்தியமைக்கு நன்றி, மேடம், தட்டச்சில் குழம்பிவிட்டது. வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்பதே சரி.

மூன்றாவது பீட் எழுதியது:

நானும் பணியில் இருப்பவன்தான். மேடமும் ஆய்வாளர் ஐயாவும் எழுதியது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேர், ஒரு வண்டி, மைக்கில் இடைவிடாத அழைப்பு என்ற நிலையில் இருப்பவனிடம் கைதுக் குறிப்பாணைக்கு அப்பகுதியில் மதிப்புக்குரிய ஒருவரைச் சாட்சியாகப் பிடி என்றால், அதிகாலை 3 மணிக்கு எங்கே போவது? டீக்கடைக்காரரைக் கூப்பிட்டால், "நாளைக்குக் கோர்ட்டுக்கு யார் அலைவது, ஆளை விடுங்கள்" என்று பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். கடைசியில் எப்போதும் வரும் அதே இரண்டு பேர்தான் பொருள் கைப்பற்றியதற்கான எல்லா மகஜரிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். இப்போது பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதையும் என் சொந்தக் கைப்பேசியில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. திருட்டு நடந்தால் ரோந்து என்ன செய்தது என்று கேட்பார்கள், பிடித்தால் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள்.

விலங்கு பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். போடலாம் என்று புதிய சட்டம் சொல்வதாக ஒருவரும், போடவே கூடாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

வழக்குரை எழுதியது:

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆள் பற்றாக்குறைக்குக் காவலரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சாட்சி விஷயத்தில் சட்டம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கடுமையானதல்ல. கைதுக் குறிப்பாணைக்கு 36-ஆவது பிரிவு கேட்பது ஒரே ஒரு சாட்சியை. அவர் கைதானவரின் குடும்பத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். குறிப்பாணையில் கைதானவரின் கையெழுத்தும் வேண்டும், உங்கள் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரியவும் வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த கட்டளைகள்தாம் இப்படிச் சட்டமாகியிருக்கின்றன. இரண்டு சாட்சிகள் என்பது ஓர் இடத்தைச் சோதனையிடும்போது வரும் நிபந்தனை. வாடிக்கைச் சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்க மாட்டார், "இதற்கு முன் எத்தனை மகஜரில் கையெழுத்திட்டீர்கள்?" என்று நான் கேட்கும் முதல் கேள்வியிலேயே வழக்கு ஆட்டம் காணும்.

அதனால்தான் 105-ஆவது பிரிவின் வீடியோவைச் சுமை என்று நினைக்காதீர்கள் என்கிறேன். சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் எழுதுதல், சாட்சிகள் கையெழுத்திடுதல் ஆகியவற்றைப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நடுராத்திரியில் வராத சாட்சியின் குறையை அது ஓரளவு ஈடுகட்டும். சாட்சிக்கு மாற்று அது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக் கைப்பேசி குறித்த உங்கள் குறையை எழுத்து மூலம் மேலே அனுப்புங்கள்.

விலங்கைப் பொறுத்தவரை, 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விதிவிலக்காக மட்டுமே பார்த்தது. பி.என்.எஸ்.எஸ். 43(3) இப்போது குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் கருதி, தொடர் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம் போன்று பட்டியலிட்ட குற்றங்களில் சம்பந்தப்பட்டவர் ஆகியோருக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. "லாம்" என்பதோடு நிற்கிறது; குடித்துவிட்டுச் சத்தம் போட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. தப்பிப்பதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்ற 46-ஆவது பிரிவும் அருகிலேயே இருக்கிறது.

கைதுக்கான காரணத்தையும் மறந்துவிடாதீர்கள். "சந்தேகத்தின் பேரில்" என்பது காரணம் ஆகாது. எந்த வழக்கானாலும் காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்றும், உடனே எழுத முடியாத சூழலில் வாயால் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நம் ஊரில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியிடம் தமிழில் எழுதிய காகிதத்தை நீட்டினால் அது நிறைவேறாது.

பைபாஸ்வாசி எழுதியது:

நான் காவல் துறையும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புகிறவன். நிறுத்தியதும் முதல் வேலையாக வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். டிஜிலாக்கரில் உரிமத்தைக் காட்டினால் அசல்தான் வேண்டும் என்கிறார்கள். ஒரு முறை கைப்பேசியைத் திறந்து படங்களைக் காட்டச் சொன்னார்கள். இவற்றுக்கெல்லாம் அதிகாரம் உண்டா?

ஓய்வு ஆய்வாளர் எழுதியது:

உரிமத்தைக் கேட்க, சீருடையில் இருக்கும் எந்தக் காவலருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. நீங்கள் காட்டத்தான் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகன் செயலியிலும் இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம். 132-ஆவது பிரிவின் கீழ் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் சார் ஆய்வாளர் (சப்-இன்ஸ்பெக்டர்) நிலைக்குக் குறையாதவருக்கு என்று எழுதப்பட்டிருப்பதைப் பல காவலர்களே அறிவதில்லை.

சாவியைப் பிடுங்கச் சொல்லும் பிரிவு எதுவும் கிடையாது. பதிவில்லாத வண்டி, உரிமமில்லாத ஓட்டுநர் போன்ற நிலைகளில் 207-இன் கீழ் வண்டியையே தடுத்து வைக்கலாம்; அதற்கு முறை உண்டு, ரசீது உண்டு. ஓடும் வண்டியில் சாவியைத் திருகுவது விபத்துக்கும் வழி, செய்தவருக்குத்தான் வம்பு. கைப்பேசியின் படங்களைப் பார்ப்பது ரோந்தின் வேலையே அல்ல. வழக்கு விசாரணைக்குத் தேவைப்பட்டால் நிலைய அதிகாரி 94-இன் கீழ் எழுத்தில் கேட்க வேண்டும், அல்லது சட்டப்படி கைப்பற்ற வேண்டும்.

குடித்து ஓட்டுபவர் விஷயத்தில் காவலர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்றால் 185-இன் கீழ் குற்றம். 202-இன் கீழ் அவரைக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையென்றால் விடுவித்துவிட வேண்டும். அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுத்தான் கைதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

புதுக்காக்கி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்னும் மூன்று ஐயங்கள். கஞ்சா இருக்கும் என்று சந்தேகித்தால் சட்டைப் பையைச் சோதிக்கலாமா? பெண்களை இரவில் எப்படிக் கையாள்வது? எஃப்.ஆர்.எஸ். எனப்படும் முக அடையாளச் செயலியில் நிறுத்துகிறவர்களை எல்லாம் படம் எடுக்கச் சொல்கிறார்களே, அது சரியா?

வழக்குரை எழுதியது:

கஞ்சா வழக்குகளில் விடுதலை வாங்குவது எங்களுக்கு எளிதாக இருப்பதற்குக் காரணமே, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவைச் சரியாகப் படிக்காமல் கையை நீட்டுவதுதான். உடற்சோதனைக்கு முன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்பட அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்; சொல்லாமல் எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2010-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. "என் முன்னிலையிலேயே சோதிக்கலாமா?" என்று மூன்றாவது வாய்ப்பைச் சேர்த்துக் கேட்பதும், இரண்டு பேரிடம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வதும் 2014-இல் தவறு என்று சொல்லப்பட்டவை. கையில் தூக்கிவரும் பைக்கும் வண்டிப் பெட்டிக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. காவலர் நிலைக்கு மேற்பட்ட, அரசு அதிகாரமளித்த அலுவலரே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதால், நீங்கள் நபரைக் கவனித்துக்கொண்டு மைக்கில் அதிகாரியை அழைப்பதே முறை.

பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் முதல் வகுப்பு நடுவரின் முன்அனுமதி பெற வேண்டும். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கட்டாய விதியாக அல்லாமல் வழிகாட்டும் விதியாகப் பார்த்தது உண்மை. ஆனால் மீறிய அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும் என்றும் சொல்லியிருப்பதால், அந்தத் தீர்ப்பை ரோந்துக்கு உரிமமாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

படம் எடுப்பது பற்றி என் கருத்து கடுமையானது. 2022-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைப் பிணைக்கு உத்தரவிடப்பட்டவர், தடுப்புக்காவலில் இருப்பவர் ஆகியோரிடம்தான் படம் உள்ளிட்ட அளவீடுகளை எடுக்கச் சொல்கிறது. தெருவில் நடந்து போகிறவர் அந்த வரிசையில் இல்லை.

ஓய்வு ஆய்வாளர் எழுதியது:

இந்த ஒன்றில் மேடத்தோடு நான் முழுதாக உடன்படவில்லை. வேறு மாவட்டத்தில் தேடப்படும் பழங்குற்றவாளியை அந்தச் செயலி சில நொடிகளில் காட்டிக் கொடுக்கிறது. ஒருவர் சம்மதத்தோடு படம் எடுத்து, பொருந்தாவிட்டால் அழித்துவிடுவதில் என்ன தீங்கு?

வழக்குரை எழுதியது:

சீருடையோடு இருவர் வழிமறித்து நிற்கும்போது கிடைக்கும் சம்மதத்தை நீதிமன்றம் சம்மதமாக ஏற்குமா என்பதும், அழித்ததை யார் சரிபார்ப்பார்கள் என்பதும்தான் தீங்கு, ஐயா. செயலி ஒருவரைச் சுட்டிக்காட்டினாலும் அது துப்புதான்; வாரண்டோ நிலுவை வழக்கோ இருக்கிறதா என்று நிலையத்தில் சரிபார்த்த பிறகே 35-ஆவது பிரிவுக்குப் போக முடியும்.

மூன்றாவது பீட் எழுதியது:

சிறுவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் பகுதியில் வண்டித் திருட்டில் சிக்குகிறவர்களில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள்.

ஓய்வு ஆய்வாளர் எழுதியது:

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்று தோன்றினாலே நடைமுறை மாறிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு கூடாது. பிடித்தவுடன் குழந்தை நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சாதாரண வண்டித் திருட்டுக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை என்பதால் அது கொடுங்குற்ற வகையில் வராது. அத்தகைய வழக்கில் பெரியவர் யாரும் சேர்ந்திராவிட்டால், முதல் தகவல் அறிக்கை போடாமல் பொது நாட்குறிப்பில் எழுதி, சிறுவனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. பிடித்து வைப்பதும் சிறுவனின் நலனுக்குத் தேவைப்பட்டால் மட்டுமே. பெற்றோருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். உதவி சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் எல்லா நிலையத்திலும் இதற்கென்று நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய எண்ணை ரோந்துக்குக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரவு 2 மணிக்கு ரைட்டரை எழுப்பிக் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.